வகுப்பறையிலும் வேண்டாம் வீண்விரயம்

ஓடும் ஆற்றங்கரையில் அமர்ந்து ஒளுச் செய்தாலும் தண்ணீரை விரயமாக்கலாகாது என அண்ணல் நபி (ஸல்) அவர்கள், ஸஃது (ரலி) அவர்களுக்கு அறிவுறுத்திய செய்தியை நாம் அறிவோம். நீருக்குரிய அந்நெறி மின்சாரத்திற்கும் உரியதே. அதிலும் அரசுப் பள்ளிக்கூடத்தில் எரியும் மின்சாரம் பொதுப்பணத்தில் வருவது; நம் அனைவரிடமும் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

மேற்கே மலைத்தொடர் கண்ணுக்குத் தெரிந்தாலும், மடவார் வளாகத்துக் கோடை கடுமையானது. காங்கிரீட் கூரை முற்பகல் வெயிலையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, பிற்பகலில் வகுப்பறைக்குள் இறக்குகிறது. வியர்வையில் நனைந்த பிள்ளைக்குப் பாடம் எங்ஙனம் மனத்தில் பதியும்? மின்விசிறி ஓயாமல் சுழன்றும் அனற்காற்றே வீசுகிறது.

நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியை எரித்தே பெறப்படுகிறது. ஒரு யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் கரியமில வாயு வானில் கலக்கிறது. பூமியைச் சூடாக்கும் வாயு அதுவே. வெப்பம் மிகுந்தால் விசிறியின் தேவையும் மிகும், வாயுவும் பெருகும். இது ஒரு நச்சுச் சுழல்.

இதனை எளிய கணக்கால் விளக்கலாம். ஒரு வகுப்பறையில் 75 வாட் பழைய விசிறிகள் நான்கும், சோக்குடன் 50 வாட் கொள்ளும் குழல்விளக்குகள் நான்கும் இருப்பதாகக் கொள்வோம். நாளைக்கு 6 மணி நேரம், ஆண்டுக்கு 200 நாள் இயங்கினால் 600 யூனிட் செலவாகும். அவற்றுக்குப் பதிலாக 30 வாட் பி.எல்.டி.சி. விசிறிகளும் 20 வாட் எல்.இ.டி. விளக்குகளும் பொருத்தினால் 240 யூனிட் போதும். பத்து அறைகள் கொண்ட பள்ளியில் ஆண்டுக்கு 3,600 யூனிட் மிச்சம். இரண்டரை டன் கரியமில வாயுவும் குறையும்.

கூரையின் மேல் வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சு, மேற்குச் சன்னலுக்கு வெளியே வேம்பும் புங்கையும் என்பன அடுத்த படிகள். நம் முன்னோர் மொட்டைமாடிக்குச் சுண்ணாம்பு அடித்ததும் இக்காரணம் பற்றியே. தமிழக அரசு 2022 டிசம்பரில் காலநிலை மாற்ற இயக்கத்தைத் தொடங்கியது. அரசுப் பள்ளிகளில் குளிர்கூரை அமைக்கும் முயற்சியும் மேற்கொள்ளப்பட்டுள்ளது. சூரிய மின்தகடு இறுதிப் படியாக அமையட்டும். ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். சிக்கனம் செய்த பள்ளிக்கு மூன்று கிலோவாட் போதும். செய்யாத பள்ளிக்கு ஏழெட்டு வேண்டும்.

இதில் நமக்கென்ன பங்கு என்று எண்ணலாகாது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். மொத்த உறுப்பினரில் பாதிப்பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டத்தை வகுப்பது அக்குழுவின் பொறுப்பு. ஆகவே தாய்மார்களே! கூட்ட அறிவிப்பு வந்தால், வீட்டு வேலையைக் காரணம் காட்டி ஒதுங்காதீர்கள். கூரைப் பூச்சையும் விசிறி மாற்றத்தையும் தீர்மானத்தில் எழுதச் செய்யுங்கள். அறையைவிட்டு வெளியேறும் பிள்ளை சுவிட்சை அணைக்கும் பழக்கத்தை வீட்டிலேயே ஊட்டுங்கள்.

விரயம் தவிர்ப்பதும் மார்க்கக் கடமையே. அதனை நிறைவேற்றும் நல்லோராக நம்மையும் நம் மக்களையும் அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.