மைட்டோகாண்ட்ரியா பழுதாகும்போது

செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்கு இரண்டு சவ்வுகள். உட்சவ்வு மடிப்பு மடிப்பாக அமைந்தது. உணவிலிருந்து பிரியும் எலக்ட்ரான்கள் அந்த மடிப்புகளில் உள்ள புரதங்களிடையே கைமாறி, கடைசியில் ஆக்சிஜனுடன் சேர்ந்து நீராகின்றன. அப்போது கிடைக்கும் ஆற்றல் புரோட்டான்களை உட்சவ்வுக்கு வெளியே தள்ளுகிறது. அவை திரும்பி வரும் வழியில், அணைத் தண்ணீர் சுழலியைச் சுற்றுவதுபோல், ஒரு புரதத்தைச் சுழல வைக்கின்றன. செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி உருவாவது அந்தச் சுழற்சியில்தான். மூளை, தசை, இதயம், கண் ஆகியவற்றுக்கு ஏடிபி ஏராளமாகத் தேவை. பழுதும் பெரும்பாலும் அங்கேதான் முதலில் தெரியும்.

1962இல் ஸ்வீடன் மருத்துவர் ரோல்ஃப் லுஃப்ட்டும் உடன் பணியாற்றியவர்களும் ஒரு பெண்ணைப் பற்றி எழுதினர். அவருக்கு ஓயாத வியர்வை; நிறையச் சாப்பிட்டும் உடல் தேறவில்லை. தைராய்டில் குறையில்லை. தசைத் துணுக்கை ஆராய்ந்தபோது மைட்டோகாண்ட்ரியாக்கள் இயல்புக்கு மாறாகப் பெருகியிருந்தன. மைட்டோகாண்ட்ரியா கோளாறு என்று இனங்காணப்பட்ட முதல் நோய் அதுவே.

மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தனி டிஎன்ஏ உண்டு: 16,569 கார இணைகள், 37 மரபணுக்கள். இது தாய்வழியே வருவது. ஆனால் மைட்டோகாண்ட்ரியாவுக்கு வேண்டிய புரதங்களில் பெரும்பாலானவற்றுக்கு உட்கரு மரபணுக்களே பொறுப்பு. அவற்றில் கோளாறு இருந்தால் நோய் தந்தைவழியாகவும் வரலாம்.

ஒரு செல்லில் இந்த டிஎன்ஏ நூற்றுக்கணக்கிலோ ஆயிரக்கணக்கிலோ இருக்கும். சடுதிமாற்றம் உள்ளவையும் இல்லாதவையும் கலந்திருக்கலாம். பழுதானவற்றின் விகிதம் ஓர் எல்லையைத் தாண்டினால்தான் நோய் வெளிப்படும். 3243ஆம் இடத்தில் நேரும் ஒரே மாற்றம் ஒருவருக்கு நீரிழிவையும் செவித்திறன் குறைவையும் தரலாம். அவருடைய உடன்பிறந்தவருக்கு இளவயதிலேயே வலிப்பையும் பக்கவாதம் போன்ற தாக்குதலையும் தரலாம். கருமுட்டை உருவாகும்போது தாயின் இந்த டிஎன்ஏ நகல்களில் சிறு பகுதியே கடந்து செல்வதால், எந்தப் பிள்ளைக்குப் பழுதானவை எவ்வளவு போகும் என்று சொல்ல முடியாது. இந்த நோய்களின் பெருந்துயரம் இதுதான்.

லெபர் பார்வை நரம்பு நோயில் இளைஞர்களுக்கு, பெரும்பாலும் ஆண்களுக்கு, வலியில்லாமல் ஒரு கண்ணின் பார்வை மங்கும். சில வாரங்களிலோ மாதங்களிலோ மறு கண்ணும் பாதிக்கப்படும். 1988இல் அதன் ஒரு காரணம் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவின் 11778ஆம் இடத்தில் நேரும் மாற்றம் என்று கண்டறியப்பட்டது.

இந்நோய்களுக்கெல்லாம் பொதுவான மருந்து இன்னும் இல்லை. சில மருந்துகளைத் தவிர்ப்பது உயிர்காக்கும்: போல்ஜி (POLG) என்னும் மரபணுவில் கோளாறு உள்ளவர்களுக்கு வலிப்புக்கான வால்ப்ரோயேட் கல்லீரலைச் செயலிழக்கச் செய்யலாம்.

நோய் பிள்ளைக்குப் போகாமல் தடுப்பதற்கான மைட்டோகாண்ட்ரியா தானத்தைப் பிரிட்டன் 2015இல் சட்டப்படி அனுமதித்தது. பெற்றோரின் உட்கரு டிஎன்ஏ, வேறொரு பெண்ணின் உட்கரு நீக்கப்பட்ட கருமுட்டைக்கு மாற்றப்படும். இம்முறையில் நியூகாசிலில் எட்டுக் குழந்தைகள் பிறந்ததாக 2025இல் செய்தி வெளியானது. அவர்களுள் சிலரிடம் தாயின் பழுதான மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ சிறிதளவு தென்பட்டது. நோய் உண்டாகும் எல்லைக்கு அது வெகுவாகக் கீழே.