பிட்டும் கரையும்

பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் மூங்கிற் குழாயில் அவித்து விற்கப்படும் சிற்றுண்டியை மலாய்க்காரர் ‘புத்து’ என்பர். தமிழர் ‘புட்டு’ என்பர். நூல்களோ ‘பிட்டு’ என்னும். மூன்றும் ஒரு சொல்லே. பேச்சுத் தமிழில் ப, ம, வ என்னும் இதழொலிகளை அடுத்து வரும் இகரமும் எகரமும், அவற்றின் பின் ட, ண, ள, ழ போன்ற நாமடி ஒலி நிற்குமாயின், இதழ் குவிந்து உகரமாகவும் ஒகரமாகவும் திரியும். பிள்ளை ‘புள்ளை’ ஆவதும், பெட்டி ‘பொட்டி’ ஆவதும், பெண் ‘பொண்ணு’ ஆவதும் இந்நெறியே. ஆகவே ‘புட்டு’ என்று எழுதும் மாணவனின் ஏட்டில் சிவப்புக்கோடு இழுக்கும் ஆசிரியர், அவன் பிழைக்கும் ஓர் ஒழுங்கு உண்டென்பதை உடன் சொல்லிவிடுதல் நன்று. மலாய்மொழி நம்மிடமிருந்து பெற்றது பேச்சு வடிவத்தையே என்பதும் இதனால் விளங்கும். அப்பம் ‘அப்பாம்’ ஆகி மலாய் அடுக்களையிற் புகுந்ததும் இவ்வாறே.

பிட்கத்தக்கது, அஃதாவது எளிதில் உதிர்வது, ஆதலின் பிட்டு எனப்பட்டது என்பர். மாவைக் குறிக்கும் ‘பிஷ்டம்’ என்னும் வடசொல்லோடு இயைப்பாரும் உளர். எவ்வாறாயினும் பண்டம் பழையது. சிலப்பதிகாரத்து இந்திரவிழவூரெடுத்த காதையில் புகாரின் மருவூர்ப்பாக்கத்து வணிகர் நிரல்படக் கூறப்படுகின்றனர். அவருள் காழியர் என்பார் பிட்டு விற்போர் என்றும், கூவியர் என்பார் அப்பம் விற்போர் என்றும் உரையாசிரியர் பொருள் கொண்டனர்.

இனிப் பிட்டின் பெருமைக்குக் காரணமாகிய கதைக்கு வருவோம். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்து அறுபத்தொன்றாம் படலம் மண் சுமந்த படலம். வையை பெருகிக் கரை உடைகின்றது. நகர மாந்தர் ஒவ்வொருவரும் தமக்கு அளந்துவிட்ட பங்கை அடைக்க வேண்டும் என்பது அரசன் ஆணை. பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்தி என்னும் கிழவிக்கும் ஒரு பங்கு விழுந்தது. வந்தி என்பதற்கு மகப்பேறற்றவள் என்று பொருள். மண் சுமக்க அவளுக்கு மகன் இல்லை. ஆள் அமர்த்தப் பொருளும் இல்லை. அப்போது கூலியாளாய் வந்த இறைவன் கேட்ட கூலி பிட்டு. அதுவும் உதிர்ந்த பிட்டே போதும் என்றான் என்பது மக்கள் வழக்கு. பின் அவன் உண்டதும், ஆடியதும், உறங்கியதும், பிரம்படி பட்டதும், அவ்வடி எல்லா உயிர்மேலும் பட்டதும் யாவரும் அறிந்தவை. மதுரையில் ஆவணி மூலத் திருநாளன்று புட்டுத்தோப்பில் இவ்விளையாடல் இன்றும் நிகழ்த்திக் காட்டப்பெறுகின்றது.

வகுப்பறையில் இக்கதை பெரும்பாலும் பிரம்படியோடு முடிந்துவிடும். அதன் அடியில் கிடக்கும் ஊர்வழக்கை எவரும் தொடுவதில்லை. ஆற்றங்கரையும் ஏரிக்கரையும் உடையாதிருந்தால்தான் உழவு. ஆதலின் அவற்றைக் காக்கும் உழைப்பை ஊரார் பகிர்ந்து கொண்டனர். பிற்காலத்தில் இதற்குக் குடிமராமத்து என்று பெயர். மராமத்து என்பது அரபு வழிவந்த சொல். வழக்கமோ அச்சொல்லினும் முந்தியது. 1858ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று இயற்றி, உடைப்பெடுக்கும் கரைகளைக் காக்க ஊராரை அழைக்கும் உரிமையை ஆங்கில அரசு எழுத்தில் வடித்தது. பங்கு எல்லார்க்கும் சமம் என்றால் இயலாதவர் கதி யாது? வந்தியின் கதை எழுப்பும் வினா இதுவே. அரசன் ஆணையில் இதற்கு விடை இல்லை. அவள் இரக்கவில்லை என்பதும் நோக்கத்தக்கது. கூலி கொடுத்தாள், கைவசம் இருந்த ஒரே பொருளால் கொடுத்தாள்.

உண்டி கொடுத்து உழைப்புப் பெறும் இம்முறை தமிழர்க்கே உரியதன்று. கோதுமைக்குப் பேர்போன உக்ரைன் நாட்டில் ‘தொலோகா’ என்றொரு வழக்கம் உண்டு. அறுவடைக்கோ வீடு கட்டவோ ஒருவர் அழைத்தால் அண்டை அயலார் திரண்டு வந்து உழைப்பர், பணம் பெறார், அழைத்தவர் வயிறார விருந்திடுவர். அந்நாட்டார் அப்பத்தையும் தனித்துச் செய்வதில்லை. ‘கொரொவாய்’ என்னும் திருமண அப்பத்தை, இல்வாழ்வில் இனிது விளங்கும் பெண்டிர் பலர், மரபின்படி எழுவர், கூடிப் பாடிக்கொண்டே பிசைவர். மாவும் ஏழு இடத்திலிருந்து வரவேண்டும் என்பது பல ஊர்களின் வழக்கு. உயிர்த்தெழுந்த திருநாளுக்கு உரியது ‘பாஸ்கா’ என்னும் இனிப்பு அப்பம். 2022ஆம் ஆண்டு போர் மூண்டு, துறைமுகங்கள் அடைபட்டுத் தானியம் தேங்கியபோது, ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு அந்நாட்டு உழவர்க்குத் தானியம் சேமிக்கும் நெடிய பைகளை வழங்கியது. களஞ்சியம் இழந்தவனுக்குக் களஞ்சியமே தக்க உதவி. அப்போரில் ‘பாலியனித்ஸியா’ என்னும் அப்பத்தின் பெயரைச் சொல்லச் சொல்லி வேற்றாளை இனங்கண்டனர் என்பது மொழியாசிரியர்க்குச் சுவையான செய்தி. நம் ழகரம் அத்தகைய வேலைக்குப் பயன்பட்டதில்லை. நம்மவர் பலரே அதில் அகப்பட்டுக் கொள்வர்!

மலாயாவில் உடைந்தது ஆற்றங்கரை அன்று, தோட்டம். 1950களில் வெள்ளையர் நிறுவனங்கள் பல தம் ரப்பர்த் தோட்டங்களை விற்று வெளியேறலாயின. வாங்கியவர் அவற்றைக் கூறுபோட்டுச் சிறு துண்டுகளாக விற்றனர். இதுவே தோட்டத் துண்டாடல். 1951 முதல் 1960 வரை நடந்தவற்றைப் பேராசிரியர் உங்கு அசிஸ் ஆராய்ந்து அறிக்கை வரைந்தார். நூறு ஏக்கர் துண்டுக்கு உரியவனுக்குக் கிராணி எதற்கு, மருந்தகம் எதற்கு, பள்ளிக்கூடம் எதற்கு? வேலை போனவனுக்கு லயத்து வீடும் போயிற்று. அவன் பிள்ளைக்குத் தமிழ்ப்பள்ளியும் போயிற்று.

இந்நிலையில் 1960ஆம் ஆண்டு துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். சுங்கை சிப்புட்டிற் பிறந்தவர், தாமே ரப்பர்த் தோட்டக் குடும்பத்தவர், அப்போது அமைச்சர். தோட்டந்தோறும் சென்று அவர் கேட்டது நன்கொடை அன்று. மாதம் பத்து வெள்ளி வீதம் நூறு வெள்ளிக்கு ஒரு பங்கு. பால்வெட்டும் தொழிலாளிக்கு அந்நாளில் பத்து வெள்ளி சிறு தொகையன்று. அப்பணம் திரண்டு, கெடா மாநிலத்துப் புக்கிட் சிடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. பிற தோட்டங்கள் பின்தொடர்ந்தன. இதனைத் தருமம் என்று புகழ்வாரும் உளர். அச்சொல் பொருந்தாது. தருமம் பெறுவோன் நாளைக்கும் கையேந்த வேண்டும். பங்குடையோனுக்கு ஆண்டுக்கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்கும் உரிமை உண்டு. கூட்டுறவில் பங்கு பலவாயினும் வாக்கு ஒன்றே என்பது பொது நெறி. வந்தி பிட்டைக் கூலியாகக் கொடுத்ததும் சம்பந்தன் பத்து வெள்ளியைப் பங்காக வாங்கியதும் ஒரே இனத்தவை.

எனினும் இத்திட்டம் எல்லாத் தோட்டங்களையும் காத்துவிடவில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் பின்னாளில் ரப்பரின் விலையை நிலத்தின் விலை விழுங்கிற்று. கிள்ளானைச் சூழ்ந்த தோட்டங்கள் பலவும் வீடமைப்புப் பகுதிகளாயின, தொழிற்பேட்டைகளாயின. அங்கிருந்து பெயர்ந்தோர் நகரின் விளிம்பிற் குடியேறினர். தலைமுறையாக அவர்கள் அறிந்த தொழில் அங்கே இல்லை. சிலர்க்குப் பலகாரம் சுட்டு விற்பதே முதல் பிழைப்பாயிற்று.

சம்பந்தன் 1979ஆம் ஆண்டு மறைந்தார். பிரிக்பீல்ட்ஸ் சாலைக்குப் பின்னர் அவர் பெயர் சூட்டப்பெற்றது. அவ்வட்டாரத்தில் இருப்புப்பாதைப் பணிக்கு வந்த யாழ்ப்பாணத்தார் பலர் வாழ்ந்தனர். ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோயில் அவர்கள் எழுப்பியதே. யாழ்ப்பாணத்துக் குழற்பிட்டில் மாவும் தேங்காய்ப்பூவும் அடுக்கடுக்காக இருக்கும். மலாய்ப் புத்துவின் நடுவிலோ கருப்பட்டி போன்ற தென்னஞ்சர்க்கரை உருகி நிற்கும்.