சூடு கண்டால் மயங்கும் பெட்டி!

12 சிலிண்டர் ஜாகுவார் காரின் கதை

நீண்ட மூக்கு. தாழ்ந்த உடல். பார்ப்பவர் கண்ணைப் பறிக்கும் பழைய கார் அது. ராஜநடை போட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. திடீரென்று நடுரோட்டில் நின்றுவிடுகிறது!

பெட்ரோல் இருக்கிறது. பாட்டரி நன்றாக இருக்கிறது. சாவியைத் திருப்பினால் என்ஜின் சுழலுகிறது. ஆனால் உயிர் மட்டும் வரவில்லை.

ஓரமாகத் தள்ளி நிறுத்தி, அரை மணி நேரம் ஆற விடுகிறார்கள். மறுபடி சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காதது போல ஓடுகிறது!

இது பேயின் வேலை அல்ல. என்ஜினில் இருக்கும் ஒரு சிறு பெட்டியின் வேலை.

வினாடிக்கு 600 பொறி!

பெட்ரோல் என்ஜின் ஓட வேண்டுமானால், சிலிண்டருக்குள் தீப்பொறி விழ வேண்டும். அந்தக் காலத்துக் கார்களில் இதற்கு "பாயிண்ட்" என்ற சிறு உலோகத் துண்டுகள் இருந்தன. அவை திறந்து மூடும்போது பொறி பிறக்கும்.

இங்கிலாந்தின் ஜாகுவார் கம்பெனி, 1971-ம் ஆண்டில் "ஈ-டைப்" காரில் 12 சிலிண்டர் என்ஜினைப் பொருத்தியது. அதன் அளவு 5.3 லிட்டர்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். என்ஜின் நிமிடத்துக்கு 6,000 சுற்றுச் சுற்றினால், வினாடிக்கு 600 பொறி தேவை! அவ்வளவு வேகத்தில் பாயிண்ட் திறந்து மூடினால் துள்ளும், தேயும், பொறி தவறும்.

ஆகவே பாயிண்டே இல்லாத புது முறை வந்தது. பர்மிங்ஹாம் நகரின் லூகாஸ் கம்பெனி செய்த அந்த முறைக்கு "ஓபஸ்" என்று பெயர்.

டிஸ்டிரிபியூட்டருக்குள் ஒரு பிளாஸ்டிக் வட்டு சுழலும். அதில் 12 சிறு "பெர்ரைட்" குச்சிகள் பதிந்திருக்கும். ஒவ்வொரு குச்சி கடக்கும்போதும், அருகிலுள்ள காயில் அதை உணர்ந்து செய்தி அனுப்பும். செய்தியை வாங்கிப் பொறியை உண்டாக்கக் கட்டளை போடுவதுதான் நாம் சொன்ன பெட்டி. மெக்கானிக்குகள் இதை "மாட்யூல்" என்பார்கள்.

அடுப்பின் மேல் வீடு

பெட்டிக்குள் இருப்பது டிரான்சிஸ்டர். டிரான்சிஸ்டருக்கு அதிகச் சூடு ஆகாது. ஆனால் ஈ-டைப் காரில் அதற்குக் கிடைத்த இடம் எது தெரியுமா? இரண்டு வரிசைச் சிலிண்டர்களுக்கு நடுவே உள்ள பள்ளம்! அடுப்பின் மேல் வீடு கட்டியது போலத்தான்.

பெட்டி வெந்தது, மயங்கியது, கார் நின்றது. ஆறியதும் மயக்கம் தெளிந்தது. பிந்திய மாடல்களில் பெட்டி ரேடியேட்டர் பக்கமாக, காற்றுப் படும் இடத்துக்கு மாறியது.

பின்னால் லாரி விரைந்து வரும் நெடுஞ்சாலையில் கார் திடீரென நின்றால் என்ன ஆகும்? குடும்பத்துடன் போகிறவர்களுக்கு இது விளையாட்டல்ல, உயிர்ப் பிரச்சினை.

குற்றவாளி யார்?

கார் நின்றதும் பெட்டியைத் தூக்கி எறிவது தவறு. குற்றவாளி வேறாகவும் இருக்கலாம். கம்பிகள் வெப்பத்தில் காய்ந்து நொறுங்கியிருக்கலாம். "எர்த்" இணைப்பில் துரு ஏறியிருக்கலாம். டிஸ்டிரிபியூட்டருக்குள் உள்ள காயிலே பழுதாகியிருக்கலாம்.

கார் நின்ற நிலையிலேயே சோதனை செய்ய வேண்டும். குளிர்விக்கும் ஸ்பிரேயைப் பெட்டியின் மேல் மட்டும் அடித்துப் பார்ப்பார்கள். உடனே பொறி வந்தால் குற்றவாளி பெட்டிதான். வராவிட்டால் காயில் மேல் அடித்துப் பார்ப்பார்கள். பொறியில் பல ஆயிரம் வோல்ட் மின்சாரம் உண்டு. ஆகவே இது விவரம் தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை.

ஆங்கிலக் கார், அமெரிக்க இதயம்!

1980-களின் தொடக்கத்தில் ஓபஸ் முறைக்குப் பதிலாக லூகாஸ் கம்பெனியின் வேறொரு பெட்டி வந்தது. அதன் அலுமினிய மூடியைத் திறந்த மெக்கானிக்குகளுக்கு ஓர் ஆச்சரியம். உள்ளே இருந்தது அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் வரும் அதே வகைச் சிறு மாட்யூல்!

இதனால் பெரிய லாபம். பெட்டி முழுவதையும் தேடி அலைய வேண்டாம். அந்தச் சிறு மாட்யூலை மட்டும் மாற்றினால் போதும்.

மாற்றும்போது முதலில் பாட்டரியைக் கழற்ற வேண்டும். பழைய பசையைச் சுத்தமாகத் துடைக்க வேண்டும். புது மாட்யூலின் அடியில், வெப்பத்தைக் கடத்தும் பசையை மெல்லியதாகத் தடவ வேண்டும். இதை மறந்தால் சூடு வெளியேறாது. புது மாட்யூலும் சீக்கிரமே கருகும்.

அசலா, புதியதா?

ஓபஸ் பெட்டி உள்ள கார்களுக்கு இந்தச் சுலப வழி இல்லை. வட்டு, காயில், பெட்டி மூன்றையும் எடுத்துவிட்டுப் புதுச் சாதனம் பொருத்துகிறார்கள். ஒளியை உணரும் வகையும் உண்டு. காந்தத்தை உணரும் வகையும் உண்டு. வாங்கும்போது, இக்னிஷன் காயில் அதற்குப் பொருந்துமா என்று பார்த்து வாங்க வேண்டும். பொருந்தாத காயில் புதுச் சாதனத்தையும் கெடுத்துவிடும்.

"அசல் பொருளை மாற்றினால் காரின் மதிப்புப் போய்விடும்" என்று சிலர் தயங்குகிறார்கள். "நடுரோட்டில் நிற்கும் காருக்கு என்ன மதிப்பு?" என்று மற்றவர்கள் கேட்கிறார்கள்.

இரு தரப்புக்கும் ஏற்ற வழி ஒன்று உண்டு. காரில் ஓட்டை போடாமல், கம்பியை வெட்டாமல் புதியதைப் பொருத்த வேண்டும். பழையதைப் பெயர் எழுதிப் பத்திரமாக வைக்க வேண்டும். கண்காட்சி வந்தால் திரும்ப மாட்டிக்கொள்ளலாம்.

அன்று என்ஜின் பள்ளத்தில் வெந்து மயங்கிய பெட்டி, இன்று அலமாரியில் குளிர்ச்சியாக ஓய்வெடுக்கிறது. கார் நிற்காமல் ஓடுகிறது!