லிடிட்சே என்றொரு ஊர்

உலகப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாக் கண்டத்தின் நடுப்பகுதியைப் பாருங்கள். செக் குடியரசு என்று ஒரு சிறிய நாடு இருக்கிறது. இந்த நாட்டுக்குக் கடற்கரையே கிடையாது. 1992 முடியும் வரை செக், ஸ்லோவாக்கியா இரண்டும் சேர்ந்து ஒரே நாடாக இருந்தன.

செக் நாட்டின் தலைநகர் பிராக். அங்கிருந்து வடமேற்கே சுமார் 20 கிலோமீட்டர் போனால் லிடிட்சே வரும்.

அது சின்னஞ்சிறு கிராமம். பள்ளத்தில் ஓர் ஓடை. ஓடையை ஒட்டி வீடுகள். ஒரு மாதா கோயில் போன்ற பழைய தேவாலயம், ஒரு பள்ளிக்கூடம், ஒரு குளம். 1318-ஆம் ஆண்டு ஏட்டிலேயே இந்த ஊரின் பெயர் இருக்கிறது. 1942-இல் இங்கே சுமார் 500 பேர் வாழ்ந்தார்கள். சிலர் விவசாயிகள். மற்றவர்கள் பக்கத்தில் உள்ள கிளாட்னோ நகரத்துக்கு வேலைக்குப் போனார்கள். அங்கே நிலக்கரிச் சுரங்கங்களும் இரும்பு ஆலையும் இருந்தன.

இந்தச் சிறிய ஊரின் பெயர் உலகம் முழுவதும் பரவியது. எப்படி?

1939-இல் ஹிட்லரின் ஜெர்மன் படை செக் நாட்டைப் பிடித்தது. 1941-இல் ஹெய்ட்ரிக் என்பவன் அங்கே ஆட்சி செய்ய வந்தான். மிகவும் கொடியவன். 1942 மே 27 அன்று விடுதலை வீரர்கள் அவனுடைய கார் மீது குண்டு வீசினார்கள். ஜூன் 4 அன்று அவன் இறந்தான்.

ஹிட்லருக்குப் பழி வாங்க ஓர் ஊர் வேண்டியிருந்தது. லிடிட்சேயின் பிள்ளைகள் இருவர் இங்கிலாந்தில் படையில் இருந்தார்கள். சந்தேகப்பட அது போதுமாக இருந்தது. ஊரைச் சோதனை போட்டார்கள். ஆயுதம் எதுவும் கிடைக்கவில்லை. ஆனாலும் விடவில்லை.

ஜூன் 9 இரவு படை ஊரை வளைத்தது. மறுநாள் காலையில் ஆண்களை ஒரு பண்ணைக்குக் கொண்டுபோனார்கள். வீடுகளில் இருந்த மெத்தைகளை எடுத்துவந்து சுவரில் சாய்த்தார்கள். துப்பாக்கிக் குண்டு சுவரில் பட்டுத் தெறிக்கக் கூடாதாம்! அன்று 173 பேரைச் சுட்டுக் கொன்றார்கள்.

பெண்களைப் பிள்ளைகளிடமிருந்து பிரித்தார்கள். ஜெர்மனியில் உள்ள சிறை முகாமுக்கு அனுப்பினார்கள். 82 குழந்தைகளைப் போலந்து நாட்டில் விஷப் புகையால் கொன்றார்கள்.

பிறகு ஊருக்குத் தீ வைத்தார்கள். சுவர்களை வெடி வைத்துத் தகர்த்தார்கள். கல்லறைகளைத் தோண்டினார்கள். குளத்தைத் தூர்த்தார்கள். ஓடையைக்கூட வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள். இங்கே ஓர் ஊர் இருந்தது என்பதே தெரியக் கூடாது என்பது அவர்கள் திட்டம்.

லிடிட்சேக்காரர் ஒருவர் அப்போது வேறொரு வழக்கில் சிறையில் இருந்தார். வெளியே நடந்தது அவருக்குத் தெரியாது. அந்த டிசம்பரில் விடுதலையாகி ஊருக்குத் திரும்பினார். ஊரைக் காணோம்!

இங்கிலாந்தில் ஸ்டோக் என்ற நகரம் இருக்கிறது. அங்கேயும் சுரங்கத் தொழிலாளர்கள் அதிகம். பார்னெட் ஸ்ட்ராஸ் என்ற மருத்துவர் அவர்களிடம் லிடிட்சேயைப் பற்றிப் பேசினார். அந்த ஊரை மறுபடியும் கட்ட வேண்டும் என்றார். 1942-இல், போர் நடந்துகொண்டிருந்தபோதே, தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து பணம் கொடுத்தார்கள். பார்த்தறியாத ஊருக்காகக் கொடுத்த பணம் அது. மெக்சிகோ போன்ற நாடுகளில் சில ஊர்களுக்கு லிடிட்சே என்று பெயர் வைத்தார்கள். பெண் குழந்தைகளுக்கும் அந்தப் பெயரை வைத்தார்கள்.

1945-இல் போர் முடிந்தது. 143 பெண்கள் உயிரோடு திரும்பினார்கள். பிள்ளைகளில் 17 பேர்தான் கிடைத்தார்கள். அவர்களில் சிலர் ஜெர்மன் குடும்பங்களில் வளர்ந்தவர்கள். தாய்மொழியே மறந்துபோயிருந்தது. பெற்ற தாயோடு பேச முடியவில்லை.

பழைய ஊருக்குப் பக்கத்திலேயே புதிய லிடிட்சே எழுந்தது. 150 வீடுகள் கட்டினார்கள். பழைய ஊர் இருந்த இடத்தில் வீடு கட்டவில்லை. அது இன்றும் புல்வெளிதான். 1955-இல் இரண்டுக்கும் நடுவே ரோஜாத் தோட்டம் வைத்தார்கள். பல நாடுகள் ரோஜாச் செடிகளை அனுப்பின.

புல்வெளியின் ஓரத்தில் 82 குழந்தைகளின் வெண்கலச் சிலைகள் நிற்கின்றன. மரியே உஹிதிலோவா என்ற பெண் சிற்பி 1969-இல் இந்த வேலையைத் தொடங்கினார். 20 ஆண்டுகள் பாடுபட்டார். 1989-இல் இறந்துவிட்டார். மீதி வேலையை அவர் கணவர் செய்தார். கடைசிச் சிலை 2000-இல் வந்து சேர்ந்தது.

லிடிட்சேயில் குழந்தைகளின் ஓவியக் கண்காட்சியும் நடக்கிறது. 1967-இல் தொடங்கியது. பல நாட்டுக் குழந்தைகள் படம் வரைந்து அனுப்புகிறார்கள். இந்தியக் குழந்தைகளின் படங்களும் அங்கே போகின்றன. பரிசும் வாங்கியிருக்கின்றன.