மஃரிபுக்குப் பின் மங்கும் மின்குமிழ்

மஃரிபுக்குப் பிறகு மின்குமிழ் மங்குது, ஃபேன் சோம்பிச் சுத்துது. "கரண்ட் குறைவு" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறோம். உண்மையில் குறைந்திருப்பது வோல்ற்றளவு. அதற்கு எல்லை உண்டு. இலங்கையில் வீட்டு இணைப்புக்கு 230 வோல்ற்று. 6 சதவீதம் கூடலாம், குறையலாம். அதாவது ஏறத்தாழ 216 முதல் 244 வரை.

ட்ரான்ஸ்போமரிலிருந்து தூரம் கூடக் கூட, கம்பியின் தடையால் வோல்ற்றளவு குறையும். எல்லா வீடுகளும் ஒரே நேரத்தில் மின்சாரம் எடுக்கும்போது இன்னும் விழும். 190 வோல்ற்றில் ஹீட்டரின் வலு மூன்றில் இரண்டாகிவிடும். தண்ணி மோட்டரோ கூடுதல் மின்னோட்டத்தை இழுத்துச் சூடேறும். நாளடைவில் எரிந்தும் போகும்.

பெரிய உபமின் நிலையங்களில் வோல்ற்றளவைச் சீராக்கும் 'டெப்' தானாக மாறும். தெருவோர ட்ரான்ஸ்போமரில் பொதுவாக அப்படியில்லை. மின்சாரத்தை நிறுத்தி, ஆள்தான் மாற்ற வேண்டும். இரவுக்காக உயர்த்தி வைத்தால், கூரையில் சூரிய மின்சாரம் உற்பத்தியாகும் தெருவில் நண்பகலில் மேல் எல்லை மீறலாம். அதனால்தான் பகலிலும் இரவிலும் அளந்து பார்ப்பது அவசியம்.

பலர் ஸ்டெபிலைசர் வாங்குகிறார்கள். அது லைனிலிருந்து கூடுதல் மின்னோட்டத்தை இழுத்தே நம் வீட்டு வோல்ற்றளவை உயர்த்துகிறது. அயல்வீட்டு மின்குமிழ் இன்னும் மங்கும்.

சொக்கட்டில் செருகும் வோல்ற்றுமானி ஒன்று போதும். ஒரு வாரம் காலை, நண்பகல், இரவு என நேரத்தோடு குறித்து, தெருவாரோடு சேர்ந்து மின் அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள். "கரண்ட் குறைவு" என்றால் தட்டிக்கழிக்கலாம், "இரவு 7.30க்கு 192 வோல்ற்று" என்றால் பதில் சொல்லியே ஆகவேண்டும்.