தண்ணீருக்கும் ஒரு பட்ஜெட்

ஹிவ்ரே பஜாரில் மழைமானியைக் கேட்டுத்தான் விதைக்கிறார்கள். மகாராஷ்டிரத்தின் அகமத்நகர் (2024 முதல் அகில்யாநகர்) மாவட்டத்தில், மழை மறைவுப் பகுதியில் இருக்கும் கிராமம் இது. ஆண்டுக்கு சுமார் 400 மி.மீ. மழைதான். மழைக்காலம் முடிந்ததும் கிணறுகளின் நீர்மட்டத்தை அளந்து, கிராமசபை கூடிக் கணக்குப் போடுகிறது. முதலில் குடிக்க, பிறகு மாடுகளுக்கு, மிச்சம் வயலுக்கு. மழை ஏமாற்றிய வருஷம் கோதுமை ஆசையை மூட்டை கட்டி வைத்துவிட வேண்டியதுதான். 2004-லிருந்து இந்த பட்ஜெட் தொடர்கிறது. பருவநிலை மாறி மழை தாறுமாறாகிவிட்ட காலத்தில் இதன் மதிப்பு கூடியிருக்கிறது.

1989-ல் போபட்ராவ் பவார் சர்பஞ்ச் ஆனபோது ஜனங்கள் பிழைப்புத் தேடி நகரங்களுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். குன்றுகளில் வரப்பு வெட்டினார்கள், மரம் நட்டார்கள், தடுப்பணை கட்டினார்கள். அவற்றைவிட ஊரைக் காப்பாற்றியது கிராமசபையின் தடைகள்தான்: பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு கூடாது, கரும்பும் வாழையும் கூடாது. கூட்டுறவு சர்க்கரை ஆலைகளுக்குப் பேர்போன மாவட்டத்தில் இதைச் சொல்ல அசாத்தியத் துணிச்சல் வேண்டும். குன்றுகளில் மேய்ச்சலை நிறுத்தியதால் புல் வளர்ந்தது. பால் காசு தந்தது. போன குடும்பங்களில் பல திரும்பின. 2020-ல் பவாருக்கு பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

மற்ற கிராமங்களோ அணையை மட்டும் காப்பியடிக்கின்றன. மாநில அரசின் ஜலயுக்த சிவார் திட்டத்தில் 9,600 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்தும் நிலத்தடி நீர் பெரிதாக உயரவில்லை என்று 2020-ல் தணிக்கை அறிக்கை சொன்னது. தடுப்பணைக்கு டெண்டர் விட்டால் ஆள் வருகிறார்கள். பக்கத்து வயல்காரரிடம் போய் கரும்பு வேண்டாம் என்று சொல்லத்தான் ஆளில்லை.