ராவணன் ஜெயிச்சிருந்தா ஸ்ரீரங்கம் இருந்திருக்குமா?

ஸ்ரீரங்கத்துல பெருமாள் தெற்கே, இலங்கையைப் பார்த்துப் படுத்திருக்கார். காரணம் விபீஷணன். பட்டாபிஷேகம் முடிஞ்சதும் ராமர் தன் குலத்தார் வழிவழியாகக் கும்பிட்ட ரங்க விமானத்தை அவனுக்குப் பரிசாகக் கொடுக்க, வழியில் அது காவிரிக்கரையிலேயே நிலைச்சிடுச்சு என்கிறது தலபுராணம். அதைக் கீழே வெச்ச சிறுவன் பிள்ளையார்தான். விபீஷணன் துரத்திப் போய்க் குட்டின இடம்தான் மலைக்கோட்டை உச்சி.

சரி, போர்ல ராவணன் ஜெயிச்சிருந்தா? பட்டாபிஷேகம் இல்லை, பரிசும் இல்லை. கதைப்படி பார்த்தா ஸ்ரீரங்கமும் இல்லை, பிள்ளையாருக்குக் குட்டும் இல்லை!

ஜெயிச்ச பிறகு அவன் என்ன செஞ்சிருப்பான்? 'இன்ஃபினிட்டி வார்' தானோஸ் மாதிரி குடிசை வாசல்ல உட்கார்ந்து சூரியனைப் பார்த்திருப்பானா? சான்ஸே இல்லை. ஏன்னா ராவணன் ஒரு ராத்திரி நிஜமாவே ஜெயிச்சான். இந்திரஜித்தின் பிரம்மாஸ்திரத்தில் லட்சுமணனும் வானர சேனையும் சாய்ஞ்சு கிடந்த ராத்திரி அது. தம்பியைப் பார்த்த துக்கத்துல ராமரும் மயங்கி விழுந்துட்டார்.

அன்னிக்கு அவன் செஞ்சதைப் பாருங்க. சீதையைப் புஷ்பக விமானத்துல ஏத்தி போர்க்களத்தைக் காட்டச் சொன்னான். ஜெயிச்சதை ஊர் நம்பினா போதாது, அவங்க நம்பணும். அப்புறம் பார்ட்டி. கம்பர் அதுக்குன்னே 'களியாட்டுப் படலம்' எழுதியிருக்கார். (அவர் ராமாயணம் அரங்கேறியதாகச் சொல்லும் மண்டபம் ஸ்ரீரங்கம் தாயார் சன்னதிக்கு எதிர்லயே இருக்கு. அடுத்த தடவை போனா பாருங்க.)

இன்னொரு விஷயம்தான் செம. செத்துப்போன அரக்கர்களின் உடல்களை அவன் கடல்ல போடச் சொல்லியிருந்தான். தன் பக்கம் எத்தனை பேர் போனாங்கன்னு எதிரிக்குத் தெரியக்கூடாது, கௌரவம் முக்கியம். அனுமன் மருந்து மலையைத் தூக்கிட்டு வந்தப்போ அந்தக் காத்து பட்டு வானரங்கள் எல்லாம் எழுந்துட்டாங்க. அரக்கர்கள்ல ஒருத்தர்கூட எழலை. எழுறதுக்கு அங்கே உடம்பே இல்லையே!

மலை வராமலே போயிருந்தாலும் அவன் நிலைமை பெருசா மாறியிருக்காது. கும்பகர்ணன் ஏற்கெனவே போயாச்சு. தப்புன்னு முகத்துக்கு நேரா சொன்ன விபீஷணனை அவனே துரத்தியாச்சு. அவன் போரே சீதைக்காக. ஆனா விருப்பமில்லாத பெண்ணைத் தொட்டா தலை வெடிக்கும்னு சாபம் வேற இருக்கு. பார்ட்டி முடிஞ்சு விடிஞ்சதும் பத்துத் தலையோட அசோகவனத்துக்குத்தான் போயிருப்பான். அவங்களும் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பாங்க.